செவ்வாய்க்கிழமைச் சுவர்

நவம்பர் 4, 2025, செவ்வாய்

அப்பளம் லாமினேட் ஆகும். இன்று நிரூபித்துவிட்டேன். கொஞ்சம் நொறுங்கும், ஆனால் ஆகும். பள்ளி விடுமுறை, அப்பாவின் மதியச் சாப்பாட்டுத் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். போனைப் பார்த்தபடியே கடித்தார். இழுத்தார். மறுபடியும் கடித்தார். மூன்றாவது கடியில்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

சிரிப்பார் என்று நினைத்தேன். மெஷினுக்குள் எண்ணெய் போய்விட்டதாம். மத்தியானம் முழுக்க எவருடைய அடையாள அட்டையை விட்டாலும் அப்பள வாசனையோடு வெளியே வந்ததாம். பர்மாவில், எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருபது வருஷமாக நகல் கடை வைத்திருக்கும் என் அப்பா ஊ வேலப்பனின் (ஊ என்றால் ஐயா) மானம் ஒரே அப்பளத்தில் நொறுங்கிவிட்டது. (நொறுங்கிவிட்டது என்பது என் சொல். அவர் சொன்னதை எழுத முடியாது.)

தண்டனை: ஒரு மாதம், பள்ளி விட்டதும் மாடிக்குப் போய் உமையாள் அக்காவுக்கு அட்டை வெட்டிக் கொடுக்க வேண்டும். அக்கா பெரியப்பா மகள். பத்தொன்பது வயது. ஸ்கேலை விட நேராக உட்காருவாள்.

இது எனக்குத் தண்டனையா, அவளுக்கா?

நவம்பர் 5, புதன்

விஷயம் இதுதான். பக்கத்து நாட்டில், சியாங் மாயில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரி. விண்ணப்பித்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பழைய கட்டடத்தின் படங்களை அனுப்புகிறார்கள். வெளிப்புறம் மட்டும். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. அந்தப் படங்களை வைத்து நூற்றில் ஒரு பங்கு அளவில் அட்டையில் செய்து, டிசம்பர் 2 அன்று வீடியோ நேர்முகத்தில் காட்டிப் பேச வேண்டும்.

போன வருஷமும் அக்கா போட்டாள், கிடைக்கவில்லை. இந்த வருஷமும் இல்லையென்றால் ஜனவரியிலிருந்து லான்மடாவில் அவள் மாமாவின் நூல் கடையில் உட்கார வேண்டியதுதான். பெரியம்மா பேசி முடித்துவிட்டார். மாமா அவளுக்கென்று நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார். சுழலும் நாற்காலி. அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

அக்காவுக்கு வந்திருப்பது பிரான்ஸில் ரைன் ஆற்றுப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் மடத்துக் கோவில். ஊர்ப் பேரைச் சொன்னாள். பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலும் போயிற்று. ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது. கன்னியர் மடமாம். எண்கோணமாம்.

"உன் கோணமா?"

"எண்கோணம்டி. எட்டு."

"எட்டினால்தானே எட்டும்."

கத்தி அந்த நேரம் என் கையில் இருந்ததால் அடி விழவில்லை.

பதினொரு படங்கள். கீழே அகலமாக ஒரு குள்ள எண்கோணம். அதன் சரிந்த கூரைக்கு நடுவிலிருந்து ஒல்லியாக இன்னொரு எண்கோணம் எழும்புகிறது. அதன் தலையில் எட்டுப் பக்க ஓட்டுத் தொப்பி. மேற்கே ஒரு சதுரக் கோபுரம். கிழக்கே பலிபீடத்துக்காக வெளியே துருத்திக்கொண்டு ஒரு பெட்டி. டிபன் கேரியரில் வேறு வீட்டு மேலடுக்கை மாட்டியது மாதிரி இருக்கிறது என்றேன். அக்கா யோசித்துவிட்டு, தப்பில்லை என்றாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவள் கோபப்படத்தான் சொன்னேன்.

நவம்பர் 8, சனி

எட்டுச் சுவரும் ஒரே மாதிரி என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். ஒன்றில் ஜன்னல் அரை சென்டிமீட்டர் கீழே. ஒன்றில் அடைத்துவிட்ட வாசலின் தடம். அக்கா ஏ, பி, சி என்று எச் வரை பேர் வைத்திருந்தாள். நான் டி சுவரின் ஜன்னலை ஈ சுவரில் வெட்டினேன். இரண்டு தடவை. இரண்டாவது தடவை நிஜமாகவே வேண்டுமென்று செய்யவில்லை.

அப்புறம்தான் தோன்றியது. எட்டுத் திசைக்கு எதற்கு இங்கிலீஷ் எழுத்து? இந்த ஊரில் எந்தப் பயாவுக்கு, அதாவது புத்தர் கோவிலுக்கு, போனாலும் ஸ்தூபியைச் சுற்றி எட்டு மூலை. கிழமைக்கு ஒரு மூலை, மூலைக்கு ஒரு மிருகம். புதனை மட்டும் காலை, பிற்பகல் என்று இரண்டாக வெட்டி எட்டாக்கியிருக்கிறார்கள். மூணு வயதுக் குழந்தைகூட நேராகத் தன் மூலைக்குப் போய் நின்றுவிடும். நாங்கள் வெள்ளிக்கிழமை காளியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு, பிறந்த நாளன்று பயாவில் மூலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற குடும்பம். எங்களுக்கா தெரியாது.

அதிலிருந்து வேலை ஓடுகிறது. "வெள்ளிக்கு ஜன்னலை ஏத்து." "சனிக்குப் பசை காயல." "ஞாயிறைத் திருப்பிப் பிடி." தென்கிழக்கு செவ்வாய், சிங்கம். மேற்கு வியாழன், எலி. கிழக்கே திங்கள் இருக்க வேண்டிய இடத்தைப் பலிபீடப் பெட்டி பிடித்துக்கொண்டது. வியாழனுக்கு முன்னால் கோபுரம். அப்பா வியாழக்கிழமை பிறந்தவர். பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் நம்ம இடத்தை மறைச்சுக் கட்டிட்டான் பாரு என்றார். அப்பளத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

நவம்பர் 12, புதன்

கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாகக் குட்டி வளைவுகள். வெட்டியது: நூற்று நான்கு. மிச்சமுள்ள விரல்கள்: பத்து, இப்போதைக்கு.

நவம்பர் 16, ஞாயிறு

இவ்வளவு மொட்டையாக ஒரு கோவிலா என்று கேட்டேன். நம் காளி கோவில் கோபுரத்தில் ஒரு சாண் இடத்தில் பதினாறு பேர் நிற்கிறார்கள், அதில் இரண்டு பேர் கோபமாக. இங்கே ஒரு ஆளும் இல்லை. சுவர், ஜன்னல், சுவர், ஜன்னல்.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: கீழ்க் கூரை எங்கே போய் நடுச்சுவரில் முட்டுகிறதோ, உள்ளே மாடம் அங்கேதான் முடியும். மேல் ஜன்னலின் உயரத்தைப் பார்த்தால் நடுவில் நிற்கிறவன் தலைமேல் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று சொல்லிவிடலாம். உள்ளே போகாமலே போய் வந்த மாதிரி. இதைச் சொல்லும்போது மூச்சு விடாமல் சொன்னாள். அக்கா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கிண்டல் ஒன்று வாயில் வந்தது. விழுங்கிவிட்டேன். ருசி ஒன்றும் சரியில்லை.

நவம்பர் 22, சனி

முடிந்தது. பதினெட்டு சென்டிமீட்டர் கோபுரம். கடைசி ஓட்டை ஒட்டும்போது நான் தும்மினேன், அக்காவின் கோபம் கோபுரத்தைத் தாண்டிப் போயிற்று.

மாடியில் எறும்பு. அதனால் காற்றோட்டமாகக் காயட்டும் என்று கடை வாசலில், தெருவைப் பார்த்த மேஜைமேல் வைத்தோம். காலையில் அக்கா இறங்கி வந்து எடுத்துக்கொள்வாள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. புலி, சிங்கம், தந்தமுள்ள யானை, நாகம், எலி, தந்தமில்லாத யானை, கினிப்பன்றி, கருடன். எட்டையும் கலரில் அச்சடித்து, லாமினேட் செய்து (மெஷின் சுத்தம்), அந்தந்தச் சுவரின் அடியில் ஒட்டிவிட்டேன். பிரான்ஸ் கன்னியர்களுக்குக் கினிப்பன்றி காவல். அக்காவின் முகத்தை நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

நவம்பர் 23, ஞாயிறு

ஒன்பது மணிக்கு எழுந்தேன். அதுதான் முதல் தப்பு. இல்லை, முதல் தப்பு நேற்றே.

டோ திடா எதிர் நடைபாதையில் மொஹிங்கா, அதான் மீன் குழம்பு நூடுல்ஸ், விற்கும் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் சீக்கிரம் முடிந்துவிடும். வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் கடை வாசலில் எட்டு மூலையில் எட்டு மிருகத்தோடு புதிதாக ஒன்றைப் பார்த்திருக்கிறார். நடுவில் கூம்புக் கூரை வேறு. புது மாதிரி வேலைப்பாடு, ஊ வேலப்பன் கடைக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். டோ திடா செவ்வாய்க்கிழமை பிறந்தவர். நேராகச் சிங்கத்துக்கு எதிரே வந்து நின்றார்.

வயதுக்கு ஒன்று, கூட ஒன்று. அது கணக்கு. டோ திடாவுக்கு அறுபத்தொன்று.

அறுபத்திரண்டு கிண்ணம் தண்ணீர்.

கிண்ணம் கொடுத்தது யார்? அப்பா. பள்ளிப் புத்தகம் நகல் எடுத்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல், எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டியிருக்கிறார். மாடிப் பிள்ளைகள் ஏதோ புண்ணிய காரியம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். பின்னாலேயே ஒரு சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுபவர், சனிக்கிழமைக்காரர், நாகத்தின் பக்கம் நின்று முப்பத்தைந்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். நல்ல வேளை, அவர் இளைஞர்.

அட்டைக்கு அட்டை என்று பேர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை. உறிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். செவ்வாய்ச் சுவர் வயிறு தள்ளி, மடங்கி, உட்கார்ந்துவிட்டது. சனிச் சுவர் பாதி. நடுவில் இருந்த தெற்குச் சுவர் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பிளந்துவிட்டது. குட்டி வளைவுகள் மேஜைமேல் மிதந்தன. மிருகங்கள் லாமினேட் செய்தவை. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிங்கம் பளபளவென்று நின்றது.

அக்கா வந்து பார்த்தாள். கத்துவாள் என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். கத்தவில்லை. படியில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி ஒட்டின?"

சும்மா, தமாஷுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். தமாஷ் என்ற சொல் வரவே மாட்டேன் என்கிறது. நான் என்ன பண்ணுவேன், நான் சும்மாதானே ஒட்டுனேன், தண்ணி ஊத்துவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் — தெரியும். தெரிஞ்சிருக்கணும். எட்டு மூலை வச்சா இந்த ஊர்ல என்ன பண்ணுவாங்கன்னு அவளுக்கு ஞாபகப்படுத்தினதே நான்தானே.

மடத்துக் கோவில் அவளுடையது. மடத்தனம் என்னுடையது.

நவம்பர் 24, திங்கள்

 அக்கா பெரியம்மாவிடம் மட்டும், மாமா கடைக்கு எந்தத் தேதியில் போகணும் என்று கேட்டாளாம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. கிண்ணத்தை எடுத்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். அவரும் கூட்டாளிதான்.

நவம்பர் 25, செவ்வாய்

டோ திடா இரண்டு கிண்ணம் மொஹிங்காவோடு வந்தார். அது வேறு மதத்துக் கோவில் என்று பக்கத்து டீக்கடை அப்துல் பாரி பாய் சொல்லிவிட்டாராம். பாவம் சேர்ந்துவிட்டதோ என்று பயந்து கண் கலங்கிவிட்டார். சுவர் சாய்ந்தது தெரியலையா அம்மா என்று அப்பா கேட்டார்.

"தெரிஞ்சுது. முப்பதாவது கிண்ணத்திலேயே தெரிஞ்சுது. எனக்குக் குனியுதுன்னு நினைச்சேன்."

பாரி பாய் உள்ளே ஓடிவிட்டார், சிரிப்பதற்கு. நான் சிரிக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது என்று டோ திடாவிடம் பர்மியத்தில் சொன்னேன். பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். தமிழில் அவளிடம் சொல்ல முடியாததைப் பர்மியத்தில் இன்னொருவரிடம் சொல்ல முடிகிறது. இது என்ன வியாதி?

நவம்பர் 26, புதன்

பள்ளி விட்டதும் நானே மாடிக்குப் போய் வெட்ட ஆரம்பித்தேன். வெள்ளை அட்டை கடையில் தீர்ந்துவிட்டது. கிடைத்தது தந்த நிறம். செவ்வாயை வரைந்தேன், வெட்டினேன். சுவர் மேலே அகலம், கீழே குறுகல், சாப்பிட்டுக் களைத்த மாதிரி நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஜன்னலே சாய்ந்திருந்தது.

அக்கா கட்டிலில் திரும்பிப் படுத்திருந்தாள். கத்தி போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஸ்கேலை அழுத்தாம வெட்டறே."

"அழுத்தறேன்."

"அழுத்தலை. சத்தத்திலேயே தெரியுது. இப்படி வெட்டினா அந்தக் கன்னியருங்க எழுந்து வந்துடுவாங்க."

எழுந்து வந்தது அவள். கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். நான் ஸ்கேலைப் பிடித்தேன். மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை. கேட்டால் இவள் மறுபடி படுத்துக்கொள்வாளோ என்று பயம்.

நவம்பர் 30, ஞாயிறு

மூன்று சுவரும் நின்றுவிட்டன. நேராக. ஆனால் தந்த நிறம். மற்ற ஐந்தும் வெள்ளை. புதுப் பல் வைத்த வாய் மாதிரி, ஆனால் தலைகீழ்.

வர்ணம் பூசலாம் என்றேன். ஈரம் பட்டால் மறுபடி வளையும். எல்லாச் சுவரையும் மாற்ற நாள் இல்லை. அக்கா முடிவு செய்துவிட்டாள்: தெற்குப் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டவே கூடாது. பாரி பாயிடம் விருந்து மேஜை நடுவில் வைக்கும் சுழல் பலகை இருக்கிறது. அதன்மேல் கோவில். மேஜைக்கு அடியில் நான். பலகையின் அச்சை அடியிலிருந்து திருப்ப வேண்டும். அக்காவின் கால் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் திருப்பு. வடக்கு, மேற்கு, மறுபடி வடக்கு. தெற்கே போகவே கூடாது.

ஏமாற்று வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இதில் நான் தேர்ந்தவள். ஆனால் ஏன் சந்தோஷமாக இல்லை?

டிசம்பர் 2, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை பத்து மணி, நான் பள்ளிக்கு லீவு. கரன்ட் இல்லை, எதிர்பார்த்ததுதான். பாரி பாயின் பேட்டரியில் எல்லாம் ஓடியது. திரையில் ஒரு பேராசிரியை, நரைத்த முடி, மடியில் ஆரஞ்சுப் பூனை. (எனக்குத் தெரிந்தது குரல் மட்டும். பூனை பற்றி அக்கா பிறகு சொன்னாள்.) எல்லாம் இங்கிலீஷில்.

அக்கா நன்றாகப் பேசினாள். கூரை எங்கே முட்டுகிறது, ஜன்னல் என்ன சொல்கிறது, எல்லாம். இரண்டு தட்டு, திருப்பினேன். ஒரு தட்டு, நிறுத்தினேன். வடக்கு, மேற்கு, வடக்கு. கழுத்து சுளுக்கிவிட்டது. அப்போது பேராசிரியை, மூன்றாவது முறையாக இதே சுவரைப் பார்க்கிறேன், மற்றப் பக்கத்துக்குப் போகலாமே என்றார்.

கால் அசையவில்லை. அக்காவின் கட்டைவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, நகம் வெள்ளையாகிவிட்டது. மேஜை ஆடிற்று, நெட் போயிற்று என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பேட்டரி வயர் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையும் அதன்மேல் போய்விட்டது.

அக்காவின் கால் என்னைத் தட்டியது. ஒன்று. இரண்டு.

வயரை விட்டேன். திருப்பினேன். தென்மேற்கு, தெற்கு, தென்கிழக்கு. ஒரு தட்டு.

 இந்த மூன்று ஏன் வேறு நிறம் என்று பேராசிரியை கேட்டார். அக்கா சொன்னாள். தங்கை மிருகங்களை ஒட்டினாள், செவ்வாய்க்கிழமை பிறந்த ஒருவர் அறுபத்திரண்டு கிண்ணம் தண்ணீர் ஊற்றினார், சனிக்கிழமை பிறந்த ஒருவர் முப்பத்தைந்து. பேராசிரியை அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். எது எந்தக் கிழமைச் சுவர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார். எங்கள் ஊரில் எட்டுப் பக்கம் உள்ள எதைப் பார்த்தாலும் முதலில் தன் பக்கம் எது என்றுதான் தேடுவோம் என்றாள் அக்கா. அப்படியானால் திங்கள்கிழமைக்காரர்கள் எங்கே நிற்பார்கள் என்று கேட்டார். பலிபீடப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு என்றாள்.

சிரிப்புச் சத்தம் வரவில்லை. எழுதுகிற சத்தம் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்து ஒரு கேள்வி. ஏழாம் படத்தைக் கவனித்தாயா? அதில் வடமேற்குச் சுவரின் கீழ்ப்பாதிக் கல் மற்றதைவிடப் புதிது, யாரோ எப்போதோ பழுது பார்த்திருக்கிறார்கள். உன் மாதிரியில் அது ஏன் இல்லை?

"பார்த்தேன் மேடம். அழகாக இருக்காது என்று விட்டுவிட்டேன். தப்பு. அதுவும் வெளிப்புறம்தான். மூன்று சுவர் மாற்றியபோதுதான் புரிந்தது, இப்போது செய்தால் நான் அதை —"

பேட்டரி போயிற்று. நான் தொடவில்லை. சத்தியமாக நான் தொடவில்லை.

வெளியே வந்தேன். அக்கா இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தொடலைக்கா என்றேன். தெரியும் என்றாள். அப்புறம், மன்னிச்சிடுக்கா என்றேன்.  என் கழுத்தைப் பிடித்துச் சுளுக்கு எடுத்தாள். வலி உயிர் போயிற்று. பழிவாங்கலா, பாசமா, இன்னும் தீர்மானிக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

வாக்கியத்தின் மிச்சத்தை அக்கா மெயிலில் எழுதி அனுப்பினாள். பதில் இல்லை.

டிசம்பர் 11, வியாழன்

பதில் இல்லை. லான்மடாவ் மாமா நாற்காலியின் படம் அனுப்பியிருக்கிறார். பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லையாம்.

டிசம்பர் 19, வெள்ளி

கடையில் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா மாடியிலிருந்து இறங்கினாள். நடந்து வரவில்லை, விழுந்து வந்தாள், கடைசி நாலு படி.

இரண்டாம் பட்டியலில் இடம். கடிதத்தில் நான்கு குறை எழுதியிருக்கிறார்கள்: கோபுரம் இரண்டு மில்லிமீட்டர் குட்டை, வடமேற்குப் பழுது விடுபட்டது, ஓடுகள் தடிமன், மின்சார ஏற்பாடு. ஜனவரி 12 வகுப்பு ஆரம்பம்.

பெரியம்மா முதலில் அழுதார், பிறகு நாற்காலிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கவலைப்பட்டார். டோ திடா இன்று யாரிடமும் காசு வாங்கவில்லை. அப்பா கடிதத்தை லாமினேட் செய்தார், என்னை மெஷின் பக்கமே விடவில்லை.

ஜனவரி 9, 2026, வெள்ளி

அக்கா கிளம்பினாள். விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் அப்பா அவள் பெட்டியை மூன்று தடவை குடைந்தார். செருப்புக்குள் கைவிட்டுப் பார்த்தார். பற்பசையைப் பிதுக்கி முகர்ந்தார். என்னைப் பார்த்து, எங்கேடி வச்சிருக்கே என்றார். எதையும் வைக்கலைப்பா என்றேன். நம்பவில்லை. நாலாவது தடவையும் பார்த்தார்.

ஜனவரி 11, ஞாயிறு

சியாங் மாயிலிருந்து அக்காவின் செய்தி. அறை சின்னதாம், ஜன்னல் வடக்கே பார்த்திருக்கிறதாம். அதன் கீழே:

"பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடிட்டேன். நிஜமாவே ஒண்ணும் வைக்கலையாடி?"

வைக்கவில்லை. வைக்கத் தோன்றவில்லை. அவள் அதற்காகக் காத்திருப்பாள் என்றும் தோன்றவில்லை. நாலு தடவை பதில் எழுதி அழித்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.